பானையில் இருந்த புட்டி

பூனை இல்ல, லைத்தம்மா. பூனைன்னா மூடியத் தட்டிவிட்டுட்டு ஓடிடும். தட்டிவிட்டதத் திரும்ப எடுத்து, யாருக்கும் கேட்டுடக் கூடாதேன்னு மெல்ல இறக்கி வைக்கிற பூனைய நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? நேத்து இருட்டினதுக்கு அப்புறம் நான் கேட்டது அதுதான். முற்றத்துல நம்ம தண்ணிப் பானை வாயில மரமூடி உரசுற சத்தம். தூக்கத்துல யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி. அப்புறம் தண்ணி அலம்புற சத்தம். குவளையால மொண்டா ஒரு சத்தம் வரும்ல, அது இல்ல. கைய விட்டுத் துழாவுற சத்தம். அப்புறம் மறுபடி அந்தப் பல்லுக் கடி.

உள்ள வா. ஏன் நிலைப்படியிலயே நிக்கிற? செருப்பக் கழட்ட வேணாம், தரை கொதிக்குது. அந்தப் பாயில உக்காரு. விளக்கு ரொம்பப் புகையுதோ? மண்ணெண்ணெயில என்னத்தக் கலக்குறானோ. எல்லாரும் படுக்கையத் தூக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயாச்சா? லைத் கூட யாரு, உன் மாமியாரா? சரி. அப்போ கொஞ்ச நேரம் இரு. சும்மா பேசத்தான் கூப்பிட்டேன். ஆமா, சும்மாதான்.

டீ வேணாமா? சர்க்கரை எவ்வளவு வேணா போட்டுக்கலாம். ரேஷன் மாவுல மண்ணு, அரிசியில கல்லு, சர்க்கரை மட்டும் முத்து முத்தா வருது. சர்க்கரை வியாதி புள்ள இருக்கிற வீட்டுக்குச் சர்க்கரையக் குடுத்துட்டு இன்சுலின் இல்லங்கிறான். ஆஸ்பத்திரியில அந்தச் சின்ன டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னேன், சிரிப்பாங்கன்னு நெனச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுதுட்டாங்க. அதுலேருந்து நான் வேடிக்கையாப் பேசுறதையே விட்டுட்டேன்.

நானா? நான் கீழதான் படுத்திருந்தேன். ஒரு வாரமாவே கீழதான். மாடியில கொசு. என் பொண்ணு ரீத்தா சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிக்கிறா. இந்தப் புள்ளைங்களுக்குப் புண்ணு வந்தா ஆறுமா? உனக்குச் சொல்லணுமா. ஆமா, மாடியில பாய் விரிச்சுத்தான் இருக்கு. தலகாணிய நீளமா வெச்சு மேல போர்வையப் போத்தி விட்டிருக்கேன். ரீத்தாப்பா லாரியோட ஜோர்டான் ரோட்டுல கெடக்காரு. பொம்பள தனியா கீழ படுத்திருக்கான்னு தெருவுக்கெல்லாம் தெரியணுமா? அதுக்காகச் செஞ்சது. மாடியில நடுவுல ஒரு துணிதான் தொங்குது, அந்தப் பக்கம் நீ படுத்திருக்க. உனக்கே நான் மேல இருக்கேன்னுதான் தோணியிருக்கும், இல்ல?

பயந்தேன்டி. பயப்படாம? கையில கிடைச்சது பூரிக்கட்டை மாதிரி இருக்கே, சமூன் ரொட்டிக்கு மாவு தேய்க்கிற அந்தக் கட்டை. ஒரு கையில கட்டை, ஒரு கையில செபமாலை. அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சா பாதிக்கு மேல வரமாட்டேங்குது. சிஸ்டருங்ககிட்ட அத்தனை வருஷம் படிச்சவ, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், நேத்து வரல. கதவிடுக்கு வழியாப் பாக்கலாம்னு எழுந்தேன். மறுபடி பாயிலயே உக்காந்துட்டேன். அதனால பாக்கல. நான் யாரையும் பாக்கல லைத்தம்மா. அத முதல்ல தெளிவாச் சொல்லிடுறேன்.

விடிஞ்சதும் பானையில கை விட்டேன். புட்டி இல்ல.

எந்தப் புட்டியா? நம்ம புட்டி எங்க இருக்கும்? அந்தப் பானைக்குள்ள, டப்பாவுக்குள்ள, நீ பிளாஸ்டிக் பையச் சுத்திக் குடுத்தியே, அதுக்குள்ள. எவ்வளவு அழகா ஓடிட்டிருந்துச்சு நம்ம ஏற்பாடு. இந்த வெயில்ல ஒரு புட்டியத் திறந்தா ஒரு புள்ள போட்டுத் தீக்கிறதுக்குள்ள கெட்டுப்போவுது, அதனால ஒரு தடவ உன் புட்டி, ஒரு தடவ என் புட்டி, திறந்தா ரெண்டு புள்ளைக்கும். உன்னோட யோசனைதான அது? நான்தான் ஊரெல்லாம் என் யோசனைன்னு பீத்திக்கிட்டேன். எங்க கோயில்ல ஒருத்தி சொன்னா, துலுக்கச்சியோட ஊசி மருந்தப் பங்கு போடுறியான்னு. ஏன்டி, மருந்துக்கு ஞானஸ்நானம் குடுத்தா அனுப்புறாங்கன்னு கேட்டேன். வாய மூடிக்கிட்டா.

திருடனா? இருக்கும். ஆனா பக்கத்துலயே பித்தளைச் சொம்பு இருந்துச்சு, அதத் தொடல. என் மாமியாரோட நல்ல பாத்திரம், வெள்ளிக்கிழமைச் சந்தையில வித்தா ஒரு வாரச் சாப்பாடு. அத விட்டுட்டு ஒரு மருந்துப் புட்டிய எடுத்துட்டுப் போற திருடன் எப்படிப்பட்ட திருடன்?

அதக் கேட்டியே, அதக் கேப்பன்னுதான் நானும் காத்துக்கிட்டிருந்தேன். ஆமா, உன்கிட்ட தீந்துபோச்சுன்னுதான் சொன்னேன். நீ வந்து, பழசு சொட்டு விடாம முடிஞ்சிடுச்சு, உன் முறைப் புட்டியத் திறந்துட்டியான்னு கேட்ட. தீந்துபோச்சு லைத்தம்மான்னு சொன்னேன். நீ என் மூஞ்சியப் பாத்த. பாத்துட்டு முற்றத்துப் பானையில தண்ணி எடுக்கப் போன. அங்க டப்பாவுல புட்டி நெறைய மருந்தோட இருக்கிறதப் பாத்திருப்ப. நான் பொய் சொல்றேன்னு நெனச்சிருப்ப. யாரா இருந்தாலும் அப்படித்தான நெனப்பாங்க? நான் உன் இடத்துல இருந்திருந்தா அங்கயே முடியப் புடிச்சு இழுத்திருப்பேன்.

ஆனா ரெண்டும் உண்மை. மருந்து தீந்துபோனதும் உண்மை, புட்டி நெறைய இருந்ததும் உண்மை. இரு. எழுந்திரிக்காத. அதச் சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்.

ரெண்டு நாள் கரண்டே வரலையே, ஞாபகம் இருக்கா? பானைத் தண்ணியே வெந்நீர் மாதிரி இருந்துச்சு. என் முறைப் புட்டி அப்பத்தான் வந்திருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் ரீத்தாவ இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னு வாங்கினது. வெயில்ல கெட்டுப்போயிடுமோன்னு எனக்கு ஒரே பயம். ஐஸ் வண்டிக்காரன் வந்தான். இருந்த காச அள்ளிக் குடுத்து ஒரு பாளம் வாங்கி, உடைச்சு, குளிர் நிக்கட்டும்னு உப்பத் தூவி, டீ ஃபிளாஸ்க்குல போட்டு, நடுவுல புட்டியச் சொருகி, மூடி வெச்சேன். அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன் தெரியுமா. காலையில எடுத்தா புட்டி கல்லு மாதிரி இருந்துச்சு. சரி, உருகிடும்னு உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சேன். உருகிடுச்சு. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. ஒரு வித்தியாசமும் இல்ல. அந்த நம்பிக்கையிலதான் பழைய புட்டியில மிச்சம் இருந்தத உன்கிட்ட குடுத்து, நீ லைத்துக்கு வெச்சுக்க, நான் புதுசத் திறந்துக்கிறேன்னு சொன்னேன். பெரிய மனசு பண்ணிக் குடுக்கிற மாதிரி.

ரீத்தாவுக்குப் போட்டேன். அன்னிக்கு ராவெல்லாம் தண்ணி தண்ணின்னா. என்கிட்ட அந்த நீல மருந்து கொஞ்சம் இருக்குல்ல, சிஸ்டர் பள்ளிக்கூடத்து லேப்புலேருந்து ஊத்திக் குடுத்தது? அதுல புள்ளையோட ஒண்ணுக்க ரெண்டு சொட்டு விட்டுக் காய்ச்சினேன். நீலமாவே இருந்தா சர்க்கரை இல்ல, உனக்குத்தான் தெரியுமே. செங்கல் நிறத்துக்குப் போயிடுச்சு. அளவக் கூட்டிப் போட்டேன். மறுபடி செங்கல். புள்ள மூச்சுல அழுகின பழ வாசனை. சந்தையில ஒரு வயசான மருந்துக்கடைக்காரர் இருக்காரு, அவர்கிட்ட ஓடினேன். புட்டிய வாங்கிக்கூடப் பாக்கல. ஐஸ்ல வெச்சியாம்மான்னு கேட்டாரு. ஆமான்னேன். இந்தக் கோடையில வந்தவங்கள்ல பாதிப் பேரு இதத்தான் சொல்றாங்க, உறைஞ்சா அவ்வளவுதான், அது செத்துடுச்சும்மா, பாக்க ஒண்ணும் தெரியாதுன்னாரு. சூட்டுக்குப் பயந்து குளிர்ல கொன்னுட்டேன் லைத்தம்மா. ஃபிரிட்ஜ் ஓடுற ஊர்ல எவளாச்சும் இப்படிச் செய்வாளா?

அப்ப ஏன் தூக்கிப் போடலையா? எப்படித் தூக்கிப் போடுவேன்? பழைய புட்டியக் கொண்டுபோய்க் காட்டினாத்தான ஆஸ்பத்திரியில அடுத்தது? அதுக்காகப் பானையிலயே போட்டு வெச்சேன். உன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேளு. வெக்கம். படிச்சவ, படிச்சவன்னு உன் மாமியார் என்னத் தூக்கி வெச்சுப் பேசுவாங்க. படிச்சவ பண்ணின காரியத்தப் பாருன்னு ஆயிடுமேன்னு தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டேன்.

அதனால நேத்து ராத்திரி எடுத்தது யாரோ, அந்த யாரோகிட்ட எனக்குச் சண்டை இல்ல. நீ எடுத்தன்னு நான் சொன்னேனா? சொல்லல. சொல்லவும் மாட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு சேதிதான். அது மருந்து இல்ல, வெறும் தண்ணி. புள்ளைக்கு அதப் போடாதீங்க. போட்டிருந்தா நிறுத்திடுங்க.

கத்தாத. மேல கேக்கும். வாயப் பொத்து.

எத்தனை ஊசி? சொல்லு, நான்தான கேக்குறேன். நேத்து ராத்திரி, காலையில, மத்தியானம்... இப்ப சாயங்காலமும் போட்டியா? குறையலைன்னு கூட்டிக் கூட்டிப் போட்டியா? நானும் அப்படித்தான் போட்டேன். உன் சின்னவ மத்தியானம் இங்க விளையாட வந்தா. அண்ணன் குடத்துலயே வாய வெச்சுக் குடிக்குது, அப்புறம் வாந்தி எடுக்குதுன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. அதுக்கென்ன தெரியும். கேட்டதும் எனக்குப் புரிஞ்சிடுச்சு. அப்பவே வந்து சொல்லியிருக்கணும். மத்தியானத்துலேருந்து இந்த ரூமுக்குள்ளயே நடந்துக்கிட்டிருக்கேன். சொல்லலாம்னு படி வரைக்கும் வர்றேன், திரும்பிடுறேன். ஏன்னு கேக்காத. சொல்றேன்.

இப்ப மூச்சு எப்படி விடுறான்? ஓடி வந்தவன் மாதிரியா? பேசுறானா? பேசினா வார்த்தை தெளிவா இருக்கா? ம். உன் வீட்டுக்காரர் எப்ப வருவாரு, தண்ணி நிலையத்துல ராத்திரி வேலையா? அவரும் பாவம், குளோரினுக்கு அனுமதி வரல, பம்புக்கு வால்வு வரலன்னு சொல்லிச் சொல்லி அவருக்கே குரல் போயிடுச்சு. ஊருக்கே பாதி சுத்தம் பண்ணின தண்ணியக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து தன் புள்ளைக்குக் காய்ச்சிக் குடுக்குறாரு. அந்த டாக்டரம்மா வார்டுல வயித்துப்போக்குப் புள்ளைங்க ஒரு கட்டிலுக்கு ரெண்டு. குளோரின்ல குண்டு செய்வோமாம், அதனால நம்ம நாட்டு மேல தடை போட்டவங்க அனுப்ப மாட்டாங்களாம். நம்ம புள்ளைங்க ஊசியில என்ன குண்டு செய்வோம்னு யாருக்குப் பயமோ.

ஆஸ்பத்திரிக்கா? தூக்கிட்டுப் போகத்தான் போறோம். ஆனா இப்ப போனா? ஜெனரேட்டர் டீசலுக்கு ஆள் அலையுறான். சலைன் இருந்தா ஏத்துவாங்க. இன்சுலின் இல்ல. நேத்தே கேட்டேன், கப்பல்ல இருக்காம், எங்கயோ ஒரு கமிட்டி கையெழுத்துப் போடணுமாம். ஊசி போடாம சலைன் மட்டும் ஏத்தினா தாங்குமா? முதல்ல ஊசி. அப்புறம் ஆஸ்பத்திரி.

எந்த ஊசியா?

கொஞ்சம் பொறு. ரீத்தாப்பா சொல்லுவாரு, அம்மான்ல மருந்துக்கடைக்குள்ள போனா இந்தப் புட்டிங்கள சோப்புக்கட்டி மாதிரி அடுக்கி வெச்சிருப்பாங்களாம். கடைக்காரப் பையன் கொட்டாவி விட்டுக்கிட்டே எடுத்துக் குடுப்பானாம். நடுவுல ஒரே ஒரு பாலைவனம். இந்தப் பக்கம் வந்தா அதே புட்டி தங்கம். போன நடையில அவர் ஸ்டெப்னி டயர வித்துட்டாரு. அந்த ரோட்டுல ஸ்டெப்னி இல்லாம போறது என்னன்னு உனக்குத் தெரியாது, டயர் வெடிச்சா அப்படியே மணல்ல நின்னு காய வேண்டியதுதான். வித்துட்டு ஒரு புட்டி வாங்கி, ஈரத்துணியில சுத்தி, சட்டைக்குள்ள வெச்சு, எல்லையில தண்ணி பாட்டிலுக்குள்ள போட்டுக் கொண்டுவந்தாரு. ஒண்ணே ஒண்ணு. வாசல்லயே என் கையில குடுத்து, இது ரீத்தாவுக்கு, யாருக்கும் மூச்சு விடாதன்னு சொல்லிட்டுத் திரும்ப வண்டியெடுத்தாரு. ஸ்டெப்னி இல்லாம.

அதோ, மாதா படத்துக்குக் கீழ மண்குவளை. ஈரத்துணி சுத்தியிருக்கே, அதுக்குள்ளதான் இருக்கு. அதப் போட்டுத்தான் ரீத்தா பொழச்சா. நீ வந்து கேட்டப்பவும் அங்கதான் இருந்துச்சு.

பாக்காத என்ன அப்படி. திட்டணும்னா திட்டிடு, அடிக்கணும்னா அடி, ஆனா பாக்காத. ஒருத்திக்குப் போட்டா ஆஸ்பத்திரியில அடுத்தது வர்ற வரைக்கும் ஓட்டிடலாம். ரெண்டு பேருக்குப் போட்டா நடுவுல தீந்துடும். அதத்தான் மத்தியானத்துலேருந்து போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன். எப்படிப் போட்டாலும் ஒரே கணக்குதான் வருது. அதனாலதான் படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பினேன். இவ்வளவு நேரம் உன்ன உக்கார வெச்சு என்னென்னமோ பேசினதும் அதனாலதான். பேசிக்கிட்டே இருந்தா நானே எங்கயாச்சும் வாய்தவறிச் சொல்லிடுவேன்னு நெனச்சேன். சொல்லிட்டேன் பாரு.

அழாத. கால்ல எல்லாம் விழாத, எழுந்திரு. தீந்தா தீரட்டும், அப்புறம் ரெண்டு பேரும் சேந்து பைத்தியம் புடிச்சு அலைவோம். போ. லைத்தத் தூக்கிட்டு வா. மாடியில கேட்டா, கீழ காத்து வருதுன்னு படுக்க வைக்கப் போறேன்னு சொல்லு. உன் மாமியார்கிட்டகூட வேற எதுவும் வேணாம். அவங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லாம இருக்க மாட்டாங்க. வீட்டுக்காரம்மாவும் இதே சர்க்கரை ஊசி போட்டுக்கிறவங்கதான, கால் விரல் கறுத்துட்டே வருது, பாத்தியா? வசந்தத்துலேருந்து நம்ம யார்கிட்டயும் வாடகைன்னு ஒரு வார்த்தை கேக்கல. அவங்க வந்து கைய நீட்டினா எந்த வாயால இல்லம்பேன்? ஒரு புட்டிய ரெண்டாப் பிரிக்கலாம். மூணாப் பிரிச்சா யாருக்கும் இல்ல. போ, சீக்கிரம்.

...

வந்துட்டியா? இந்தப் பக்கம், ரீத்தா பக்கத்துல போடு. ஐயோ, என்ன கனம் கனக்குது, துவண்டு கெடக்கானே. லைத், கண்ணு, அத்தையப் பாரு. பாக்குறான், பாக்குறான். ஆமா, அதே வாசனைதான். ஊசியக் காய்ச்சி வெச்சிருக்கேன். நீ புறப்பட்டதுமே வெச்சுட்டேன். விளக்க இப்படிக் காட்டு, அளவு தெரியட்டும். நீ அவன் கால அமுக்கிப் பிடி, நானே போடுறேன். தொடையத் திருப்பு.

ம். போட்டாச்சு. இப்ப கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடு, உப்பு போட்டுக் காய்ச்சினது அந்தச் சட்டியில இருக்கு. இன்னும் ரீத்தாவுக்குப் போடணும், அவளையும் எழுப்பி...

யாரு அது, முற்றத்துல?

வீட்டுக்காரம்மா. படியேற கை குடுக்க ஆள் தேடுறாங்க. கேக்குதா, என்னத்தான் கூப்பிடுறாங்க. ரீத்தாம்மா, விளக்கெரியுதே, தூங்கலையாங்கிறாங்க. எந்நாளும் நான்தான் தோள் குடுத்து ஏத்திவிடுறது.

வேணாம். நீயும் போகாத. இப்ப கதவத் திறந்தா ரெண்டு புள்ளையும் தெரியும், ஊசி தெரியும், குவளை தெரியும். கொஞ்ச நேரம் கூப்பிட்டுட்டு, சுவரப் பிடிச்சுக்கிட்டு அவங்களே ஏறிடுவாங்க. நல்ல மனுஷி. தப்பா நெனச்சுக்க மாட்டாங்க.

என்னப் பாத்துக்கிட்டு நிக்காத, லைத்தம்மா. விளக்க ஊது. அந்தத் தாழ்ப்பாளப் போடு. மேல இருக்கிறதையும் போடு.